கொடி பிடித்த வேலூர் டீச்சர்

நேஷனல் ஹார்பர்

பொட்டோமக் ஆறு அகன்று விரியும் இடத்தில், மேரிலாந்து கரையில் நிற்கிறது அந்தப் பெரிய மண்டபம். வாஷிங்டனில் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரைன் கோர் மாரத்தான் நடக்கும். அதற்கு முந்தைய நாட்களில், ஓடப்போகிறவர்கள் எல்லாரும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை நேரில் வந்து வாங்கிப் போக வேண்டும். அட்டையை எடுத்துக் கொடுப்பவர்கள் முடியை ஒட்ட வெட்டிய இளம் மரைன் வீரர்கள். வாங்குகிறவர் எழுபது வயதுப் பாட்டியாக இருந்தாலும் பதினேழு வயதுப் பையனாக இருந்தாலும் ‘மேடம்’, ‘சார்’ என்ற மரியாதை தவறுவதில்லை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் மாப்பிள்ளைக்குப் பின்னால் உள்ளே நுழைந்தார். மகள் வீடு இருக்கும் ஹெர்ண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் வெறும் ‘டீச்சர்’தான். மாப்பிள்ளை மென்பொருள் வேலை பார்ப்பவர். அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழியின் தம்பி ஆப்கானிஸ்தானில் இறந்துபோனவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

மண்டபத்தில் காலணிக் கடைகளுக்கும் காலுறைக் கடைகளுக்கும் நடுவே அறக்கட்டளைகளின் மேசைகள். ராணுவப் பணியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டும் அமைப்புகள் அவற்றில் பல. முறை எளிது. அறக்கட்டளைக்கு ஓட்டத்தில் இத்தனை இடம் என்று ஒதுக்குவார்கள். அந்த இடத்தில் ஓட வருகிறவர், அமைப்பு நிர்ணயிக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தன் வட்டத்தில் திரட்டித் தர வேண்டும். அவருக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கும். நண்பர்கள் அதில் பணம் போடுவார்கள். சில கம்பெனிகள் ஊழியர் திரட்டிய தொகைக்குச் சமமாகத் தாங்களும் தருவதுண்டு.

டீச்சர் கைப்பையைத் திறந்து ஐம்பது டாலர் நோட்டை நீட்டினார்.

“நோட்டு வேணாம் அத்தை. போன்ல ஸ்கேன் பண்ணி கார்டுல கட்டணும்.”

“உண்டியலே கிடையாதா மாப்பிள்ளை? அப்ப கொடி குத்திவிடறது யாரு?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருட டிசம்பர் மாதங்கள் இருக்கின்றன. டிசம்பர் 7 இந்தியாவில் படைவீரர் கொடிநாள். 1949-இல் தொடங்கியது. தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம் என்று மூன்று நிறத்தில் சின்னக் காகிதக் கொடி. அதைச் சட்டையில் குத்திவிடக் குண்டூசி. காசு போடத் தகர உண்டியல். டீச்சர் வேலை பார்த்த பள்ளி கணியம்பாடிப் பக்கம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கம்மவான்பேட்டை. சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே பெயர். இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் வீடுகள் அங்கே ஏராளம். வகுப்பில் ‘மிலிட்டரிக்காரர் பிள்ளை’ இல்லாத வருடமே இருந்ததில்லை. ஆனால் கொடிநாள் அங்கும் ஒரு வசூல் வேலையாகத்தான் வந்துபோகும். இவ்வளவு வர வேண்டும் என்று மேலிருந்து ஒரு தொகை வரும், தலைமை ஆசிரியர் அதை வகுப்புகளுக்குப் பிரித்துவிடுவார், திரட்டிய காசு கருவூலத்துக்குப் போகும், கதை முடியும்.

இங்கே கேட்கிறவர் தானே உடம்பை வருத்தி 42 கிலோமீட்டர் ஓடிக் காட்டினால்தான் காசு. இந்த வழக்கத்தைப் பெரிதாக்கியது 1988-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு முயற்சி. ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட மகளுக்காக புரூஸ் கிளீலண்ட் என்பவர் 38 பேரைச் சேர்த்து மாரத்தான் ஓடவைத்து 3,22,000 டாலர் திரட்டினார். அந்த அச்சில்தான் இன்றைக்குப் பல அறக்கட்டளை ஓட்டங்கள் வார்க்கப்படுகின்றன.

படைவீரர் பிள்ளைகளுக்கான திரட்டல் ஓட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. எஃப்-16 விமானி டான் ரூனி 2007-இல் தொடங்கிய ‘ஃபோல்ட்ஸ் ஆஃப் ஹானர்’ கோல்ஃப் மைதானங்களில் காசு சேர்க்கிறது. மே மாதக் கடைசித் திங்கள், நினைவு நாளில், உடற்பயிற்சிக் கூடங்களில் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு மைல் ஓடி, 100 முறை கம்பியில் தொங்கி ஏறி, 200 தண்டால், 300 உட்கார்ந்தெழுதல் எடுத்து, மறுபடி ஒரு மைல் ஓடுகிறார்கள். 2005-இல் ஆப்கானிஸ்தானில் இறந்த கடற்படை லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபிக்குப் பிடித்த பயிற்சி அது. அவர் பெயரிலுள்ள கல்வி உதவித்தொகைக்கு இதற்கான நுழைவுக் கட்டணம் போகிறது. நடிகர் கேரி சினீஸின் அறக்கட்டளை டிசம்பரில் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களை ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப்போகிறது.

“இதெல்லாம் திருவிழா மாதிரியில்ல இருக்கு,” என்றார் டீச்சர். அவர் குரலில் குறை சொல்லும் சாயல் இருந்தது.

ஆர்லிங்டன்

மறுநாள் காலை ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம். குன்றுச் சரிவில் வெள்ளைக் கற்கள், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் நூல் பிடித்த வரிசை. ஓக், மேப்பிள் மரங்கள் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. 639 ஏக்கர், நான்கு லட்சம் பேர். உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்புத் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் குடும்பத் தோட்டம் இது; 1864 மே மாதம் முதல் அடக்கம் நடந்தது.

சுற்றுலாக் கூட்டம் பெயர் தெரியாத வீரர் சமாதிக்கும் கென்னடி சமாதிக்கும் போகிறது. மாப்பிள்ளையின் தோழி சொல்லி அனுப்பியதோ 60-ஆம் பிரிவுக்கு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த பலர் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு போர்களிலுமாக அமெரிக்கா இழந்த படையினர் ஏறத்தாழ 7,000 பேர். பிறந்த வருடங்களைப் படித்துக்கொண்டே நடந்தார் டீச்சர்: 1983, 1985, 1988. அவரிடம் பத்தாம் வகுப்பு படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயது.

மற்ற பிரிவுகளில் கல் மட்டும்தான். இங்கே கல்லின் மேல் கூழாங்கற்கள், நாணயங்கள், பிளாஸ்டிக் உறையில் போட்ட பிறந்தநாள் வாழ்த்து அட்டை, பள்ளி மதிப்பெண் பட்டியலின் நகல். ஒரு கல்லுக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பத்து வயதுப் பையன் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். அழுகை இல்லை, சடங்கு இல்லை. சனிக்கிழமைக் காலை அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள்.

இந்தக் குடும்பங்களை அமெரிக்கா ‘கோல்டு ஸ்டார்’ குடும்பங்கள் என்று அழைக்கிறது. முதல் உலகப் போரில் மகன் படைக்குப் போயிருந்தால் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் வைத்த கொடி தொங்கும். மகன் இறந்தால் நீலத்தின் மேல் பொன்னிற நட்சத்திரத்தைத் தைத்து மறைத்துவிடுவார்கள். தெருவில் போகிறவர்களுக்கு அந்த வீட்டின் கதை ஜன்னலிலேயே தெரிந்துவிடும்.

அன்று இரவு ஹெர்ண்டனில் பாஸ்தாதான். மாவுச்சத்து ஏற்றிக்கொண்டால்தான் மறுநாள் கால் ஓடும் என்பது ஓட்டக்காரர்களின் நம்பிக்கை. தக்காளிச் சாற்றில் மிதந்த அதை டீச்சர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு விடியும்வரை காத்திராமல் புளியோதரை கிளற அடுப்பங்கரைக்குள் போனார்.

ரோஸ்லின்

விடியற்காலை வெப்பம் எட்டு டிகிரி. பென்டகனுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவிலுள்ள நெடுஞ்சாலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பழைய ஸ்வெட்டர்களில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். வானத்திலிருந்து பாராசூட் வீரர்கள் கொடியோடு இறங்கினார்கள். ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது துப்பாக்கி அல்ல, பீரங்கி. அந்த வெடியில் டீச்சரின் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். டீச்சரோ நேதாஜி மைதானத்துக் குடியரசு தின அணிவகுப்பை நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

1976-இல் ஜிம் ஃபவுலர் என்ற கர்னலின் யோசனையில் பிறந்தது இந்த ஓட்டம். வியட்நாம் போர் முடிந்த சமயம். சீருடையைப் பார்த்தாலே மக்கள் முகம் திருப்பிக்கொண்ட நேரம். ஊரோடு உறவை ஒட்டவைக்க ஒரு வழி தேடியபோது கிடைத்தது மாரத்தான். வெல்பவருக்குப் பரிசுப் பணம் இன்றுவரை கிடையாது. அதனால் ‘மக்கள் மாரத்தான்’ என்று பெயர். 1994-இல் ஓப்ரா வின்ஃப்ரே இதில்தான் நாலரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

கூட்டம் ரோஸ்லின் மேட்டில் ஏறி, கீ பாலம் தாண்டி, ஜார்ஜ்டவுனின் செங்கல் வீடுகளுக்கு நடுவே நுழைந்தது. தெருவோரத்தில் மாட்டுமணி ஆட்டுகிறவர்கள், நாயோடு வந்தவர்கள், அட்டையில் கிண்டல் எழுதிப் பிடித்திருப்பவர்கள். தண்ணீர் மேசைகளில் சீருடை மரைன்கள் காகிதக் கோப்பைகளை நீட்டினார்கள். பணம் திரட்டி ஓடுகிறவர்களைச் சட்டையிலேயே அடையாளம் காணலாம். முதுகில் ஒரு படம், ஒரு பெயர், இரண்டு வருடங்கள்.

ஹெய்ன்ஸ் பாயின்ட்

பொட்டோமக் ஆற்றுக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனை இது. வசந்தத்தில் செர்ரிப் பூவுக்காகக் கூட்டம் வரும். அக்டோபரில் காற்று மட்டும்தான் வரும். ஓட்டத்தின் பாதித் தூரம் இங்கே முடிகிறது. பார்வையாளர்கள் எளிதில் வர முடியாத இடம் என்பதால் ஓட்டக்காரர்களுக்கு மனம் சோர்ந்துபோகும் பகுதியும் இதுதான்.

இந்த மைலை ஓர் அமைப்பு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜான் ஹாலெட் என்ற ராணுவ கேப்டன் 2009 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் இறந்தார். மனைவி லிசாவுக்கு மூன்று சிறு குழந்தைகள். கடைசிக் குழந்தை கைக்குழந்தை. பசிபிக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், டுபான்ட் என்ற ஊரில், படைமுகாமின் குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஓட ஆரம்பித்தார்கள். 2010-இல் அது ‘வேர் ப்ளூ: ரன் டு ரிமெம்பர்’ என்ற அறக்கட்டளையாயிற்று. நீலச் சட்டை போட்டு, ஓட்டத்துக்கு முன் வட்டமாக நின்று, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராக உரக்கச் சொல்லிவிட்டு ஓடுவது அவர்கள் வழக்கம். திரட்டும் பணத்தில் ஒரு பகுதி, இறந்தவர்களின் பிள்ளைகளோடு படைவீரர் ஒருவரை இணைத்து, இருவரும் சேர்ந்து ஓடிப் பழகும் திட்டத்துக்குப் போகிறது.

ஆறு வளையும் இடத்தில் முதலில் படங்கள். சாலையோரப் புல்லில் சில அடிக்கு ஒன்றாக நட்டுவைத்த பதாகைகளில் சிரிக்கும் முகம், பெயர், வயது, இறந்த நாள். அதுவரை பாட்டுப் போட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் வந்த கூட்டம் இங்கே வாய் மூடுகிறது. ஆயிரக்கணக்கான காலணிகள் தார்ச்சாலையில் படும் சத்தம் மட்டும் கேட்கிறது. சிலர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

படங்கள் முடிந்ததும் கொடி வரிசை. நீலச் சட்டைத் தன்னார்வலர்கள் தோளோடு தோள் நின்று உயரமான கொடிகளைப் பிடித்திருக்கிறார்கள். அந்த வரிசையில், சேலைக்கு மேல் மகளின் குளிர்க்கோட்டு, கோட்டுக்கு மேல் தொளதொளத்த நீலச் சட்டை, காலில் மாப்பிள்ளையின் பழைய ஷூ என்று டீச்சர் நின்றார். பெயர் கொடுத்தது மாப்பிள்ளை. ஊர்க்காரர் மட்டும்தான் கொடி பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

“ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கூட நான் கயிறு இழுத்ததில்ல. ஹெட்மாஸ்டர்தான் இழுப்பாரு,” என்றார் மகளிடம்.

பக்கத்துக் கொடி ஒஹையோவிலிருந்து வந்திருந்த வெள்ளை முடிப் பெண்மணியுடையது. மகன் ஈராக்கில் இறந்தபோது பேத்திக்கு இரண்டு வயது. வரிசையில் சில படங்கள் தள்ளி அவர் மகன். டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: “இந்த ஓட்டத்துப் பணம் உங்க பேத்தி படிப்புக்குப் போதுமானதா இருந்துச்சா?”

பெண்மணி அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்புச் செலவை அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது என்றார். 2006-இல் ஈராக்கில் இறந்த ஜான் டேவிட் ஃப்ரை என்ற மரைன் சார்ஜண்ட் பெயரில் ஒரு கல்வித்தொகை இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 முதல் பணியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு, மாநில அரசுக் கல்லூரியில் முழுக் கட்டணம், தங்கும் செலவு, புத்தகச் செலவு என்று 36 மாதங்களுக்கு அது கொடுக்கிறது.

“அப்புறம் இது எதுக்கு?”

பள்ளிக்கூடத்தில் அப்பா இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் அப்பா போரில் செத்த பிள்ளை அவள் ஒருத்திதான் என்றார் பெண்மணி. தன்னைப் போல இன்னொரு பிள்ளையை அவள் முதன்முதலில் பார்த்தது இப்படி ஒரு கூட்டத்தில். எட்டு வயதில் அவளோடு ஓடிப் பழகிய படைவீரர் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார்; அப்பா இறந்த நாளன்று தவறாமல் போன் செய்கிறார். அரசாங்கத்துக் காசோலை போன் பேசாது அல்லவா?

பேச்சு பாதியில் நின்றது. கூட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் பிரிந்து ஓடி வந்து பாட்டியின் கையில் ஓங்கித் தட்டிவிட்டு, டீச்சரின் கையிலும் தட்டிவிட்டு, மறுபடி கூட்டத்தில் கலந்தாள். பேத்திதான். இந்த வருடம் அவளே வேறு பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டி ஓடுகிறாள். அடுத்த கால் மணியில் மாப்பிள்ளை வந்தார். முகம் வெளிறியிருந்தது. கொடி பிடித்த அத்தையைப் பார்த்ததும் நின்று படம் எடுக்கப் போனவரை, “நேரமாவுது, ஓடுங்க மாப்பிள்ளை!” என்ற சத்தம் விரட்டியது. பத்தாம் வகுப்பை அடக்கிய அந்தக் குரலுக்குப் பக்கத்திலிருந்த நாலைந்து பேரும் சேர்ந்தே வேகமெடுத்தார்கள்.

நேஷனல் மால்

ஒரு கோடியில் லிங்கன் மண்டபம், நடுவில் வாஷிங்டன் தூண், மறுகோடியில் நாடாளுமன்றக் குவிமாடம். ஓட்டம் இந்தப் புல்வெளியைச் சுற்றித் திரும்புகிறது. கொடியை ஒப்படைத்துவிட்டு வந்த டீச்சரும் மகளும் சாலையோர வண்டியில் ஹாஃப்-ஸ்மோக் வாங்கினார்கள். பாதி பன்றி, பாதி மாட்டிறைச்சியில் புகைபோட்ட வாஷிங்டனின் சொந்த சாஸேஜ் அது. மகள் ரசித்துச் சாப்பிட, டீச்சர் உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொண்டார்.

சட்டம் செய்யும் இந்தக் குவிமாடத்துக்குக் கீழே, காசோலைகளின் கதையும் அவ்வளவு ஒழுங்கானதல்ல. படையில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு உடனே தரும் தொகை, ஈராக் போர் தொடங்கிய சமயத்தில் 6,000 டாலர்தான். ஒரு லட்சமாக உயர்ந்தது 2005-இல். விதவைக்கு இரண்டு துறைகளிலிருந்து இரண்டு ஓய்வூதியங்கள் உரியவை. ஆனால் ஒன்றில் வந்த தொகையை மற்றொன்றில் கழித்துவிடுவார்கள். இதைத் தவிர்க்கப் பல தாய்மார்கள் ஒரு ஓய்வூதியத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினார்கள். 2017-இல் வந்த வரிச் சட்டம் பிள்ளைகள் பெயரில் வரும் அந்த வருமானத்தைப் பணக்காரக் குடும்பங்களின் சொத்து வருமானத்தோடு ஒரே பட்டியில் கட்டியது. அப்பாவை இழந்த பிள்ளையின் பணத்துக்கு 37 சதவீதம் வரை வரி. விதவைகள் நாடாளுமன்றப் படிகளேறிப் போராடி 2019 டிசம்பரில் அதை நீக்கவைத்தார்கள். ஓய்வூதியக் கழிப்பு முழுதாக ஒழிந்தது 2023 ஜனவரியில்.

இந்தியாவில் நடைமுறை வேறு. கொடிநாள் பணம் அரசுப் பெட்டிக்குள் போய், மத்திய, மாநில, மாவட்ட வாரியங்கள் வழியாகத் திரும்பி வருகிறது. ஹவில்தார் பதவி வரை இருந்த முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் தரும் கல்வி உதவி நெடுநாள் மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பரிலிருந்து 2,000. போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை ஏற்கும் ஏற்பாடு 1972 முதல் உண்டு. 2017-இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். உரிமையை அரசு கொடுப்பதும், கொடுத்ததைக் குறைக்கப் பார்ப்பதும், கூச்சல் போட்டால் திருப்பித் தருவதும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அமெரிக்காவில் கூச்சல் போட ஏற்கெனவே திரண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. ஓட்டக்களத்தில் பழகிய குடும்பங்கள்தான் நாடாளுமன்றத்துக்கும் சேர்ந்து போகின்றன.

பதினான்காம் தெருப் பாலம்

இருபதாவது மைல். பொட்டோமக்கின் மேல் நிழலே இல்லாத நீண்ட பாலம். குறித்த நேரத்துக்குள் இங்கே வராதவர்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். ‘பாலத்தை வெல்லுதல்’ என்பதே மெதுவாக ஓடுகிறவர்களின் முழு லட்சியம். மாப்பிள்ளை கெடுவுக்கு முன் தாண்டிவிட்டதாகக் கைப்பேசி சொன்னது.

தாண்டாதவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. போர்க்களத்தில் இறந்தவருக்கு மேடை உண்டு, பதாகை உண்டு. பயிற்சியில் இறந்தவர், முகாமில் நோயில் இறந்தவர், போரிலிருந்து திரும்பித் தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோரின் பிள்ளைகள்? ஊர்வலத்தில் தங்களுக்கு இடமுண்டா என்று தயங்கி நின்ற குடும்பங்கள் நிறைய. அவர்களையும் சேர்த்துக்கொண்டது பக்கத்திலேயே ஆர்லிங்டனில் இயங்கும் ‘டாப்ஸ்’ என்ற அமைப்பு. எப்படி இறந்தார் என்று அது கேட்பதில்லை. அதைத் தொடங்கிய போனி கேரலின் கணவர், பிரிகேடியர் ஜெனரல் டாம் கேரல், 1992-இல் அலாஸ்காவில் நடந்த ராணுவ விமான விபத்தில் இறந்தவர். எதிரியின் குண்டில் அல்ல. அதே விபத்தில் இறந்த மற்றவர்களின் மனைவிமார் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டதிலிருந்து 1994-இல் பிறந்தது டாப்ஸ். போனி கேரலுக்கு 2015-இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது கிடைத்தது.

நன்கொடையாளர்களுக்கும் கேள்விகள் உண்டு. 2016-இல், காயமடைந்த வீரர்களுக்கான பெரிய அறக்கட்டளை ஒன்று மாநாடு, ஹோட்டல் என்று வாரியிறைக்கிறது என்ற செய்தி வெளிவந்து அதன் தலைமை அதிகாரிகள் பதவியிழந்தார்கள். அதற்குப் பிறகு, கொடுத்த டாலரில் எத்தனை சென்ட் பிள்ளைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பது கூடியிருக்கிறது. மாப்பிள்ளையின் வாட்ஸ்அப் குழுவிலும் முதலில் வந்த கேள்வி அதுதான். கேட்டவர் மதுரைக்காரர், பதில் கிடைத்ததும் முதலில் பணம் போட்டவரும் அவரே.

கிரிஸ்டல் சிட்டி

கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே கூட்டமும் இசைக்குழுவும். ஓட்டக்காரர்களுக்கு ஆரஞ்சுச் சுளை நீட்டினார்கள். டீச்சரும் ஒரு தட்டை வாங்கி நீட்ட ஆரம்பித்தார்.

இந்தப் பகுதி ஹோட்டல்களுக்கு மே மாதக் கடைசியில் வேறு கோலம். டாப்ஸ் நடத்தும் பிள்ளைகள் முகாம் பல ஆண்டுகள் இங்கேதான் நடந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சீருடைப் பணியிலுள்ள ஒரு துணை. அந்த நாட்கள் முழுவதும் அவர் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே. விளையாடலாம், பொம்மை செய்யலாம், அப்பாவைப் பற்றிப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். மாப்பிள்ளை திரட்டிய 1,800 டாலர் இப்படி ஒரு பிள்ளையின் பயணத்துக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும்.

அங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது பென்டகன். அதை ஒட்டிய தோட்டத்தில் 2001 செப்டம்பர் 11 அன்று அங்கே இறந்த 184 பேருக்கும் ஆளுக்கொரு இருக்கை. இந்தக் கட்டடம் தொடர்பான ஒரு சம்பவத்தை ஓட்டக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2013 அக்டோபரில் பட்ஜெட் சண்டையில் அரசு இயந்திரம் நின்றுபோனது. அந்த நாட்களில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் தொகையைக் கொடுக்கப் பென்டகனுக்குச் சட்டம் இடம் தரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. ‘ஃபிஷர் ஹவுஸ்’ என்ற அறக்கட்டளை முன்வந்து, அந்தப் பணத்தைத் தாங்கள் தருவதாகப் பாதுகாப்புத் துறையோடு ஏற்பாடு செய்துகொண்டது. வெட்கம் தாங்காமல் நாடாளுமன்றம் அவசரச் சட்டம் போட்டது.

ஐவோ ஜிமா சிலை

கடைசி 300 மீட்டர் ஏற்றம். ஓடிக் களைத்தவர்களுக்கு இது தண்டனை. போட்டது மரைன் படை என்பதால் யாரும் புகார் சொல்வதில்லை. மேலே, கொடியை நடும் ஆறு வீரர்களின் மாபெரும் வெண்கலச் சிலை. ஜோ ரோசன்தால் 1945 பிப்ரவரி 23 அன்று எடுத்த படத்தைப் பார்த்து ஃபீலிக்ஸ் டி வெல்டன் வடித்தது, 1954-இல் திறந்தது. சிலையில் நிற்கும் ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவை விட்டு உயிரோடு திரும்பவில்லை.

முடிவுக்கோட்டில் பதக்கம் மாட்டிவிடுகிறவர்கள் இளம் லெப்டினன்ட்கள். மாப்பிள்ளைக்கு மாட்டியவர் இருபத்திரண்டு வயதுப் பெண். மாட்டிவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மாப்பிள்ளைக்குத் திருப்பி என்ன செய்வது என்று தெரியவில்லை, கும்பிட்டார். பிறகு புல்லில் மல்லாந்து படுத்தவர் புளியோதரை டப்பாவைத் திறந்ததும்தான் எழுந்தார். பக்கத்திலிருந்த நீலச் சட்டைத் தன்னார்வலர் இரண்டு பேரும் அதில் வேர்க்கடலை தேடித்தேடிச் சாப்பிட்டார்கள்.

மாலையில் ஆர்லிங்டனில் ஒரு எத்தியோப்பியச் சாப்பாட்டுக்கடை. வாஷிங்டன் வட்டாரத்தில் எத்தியோப்பியர்கள் நிறைய. பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து அதன்மேல் பருப்பும் கீரையும் கொட்டித் தருவார்கள். புளித்த தோசை என்று டீச்சர் முதல் வாயிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டாவது கேட்டார். மாப்பிள்ளையின் தோழியும் வந்திருந்தார். போர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எத்தனை வருடம் இப்படி ஓடுவீர்கள் என்று டீச்சர் கேட்க, அவர் காகிதக் கைத்துடைப்பானில் கணக்குப் போட்டார். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் குழந்தை பிறந்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு ஆவது 2039-இல். கல்லூரி முடிப்பது 2043.

“அதுவரைக்கும் எங்களுக்கு வேலை இருக்கு,” என்றார் தோழி.

டீச்சர் கைத்துடைப்பானை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது கொடிநாள் வந்திருக்கும். பழைய பள்ளியில் போய்ப் பேச வேண்டும் என்றார்: உண்டியலோடு, அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து படைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலும் ஒன்று வேண்டும், பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் அதை உரக்கப் படிக்க வேண்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொள்வாரா என்று மகள் சந்தேகப்பட்டாள். “என்கிட்ட படிச்ச பையன்தான்,” என்றார் டீச்சர்.

“அப்ப அடுத்த வருஷம் வந்து நீங்களும் ஓடுங்க அத்தை. பத்து கிலோமீட்டர் ஓட்டம் தனியா இருக்கு.”

“முதல்ல எழுந்து நடந்து காட்டுங்க மாப்பிள்ளை. காரை யார் ஓட்டறதுன்னு பார்ப்போம்.”